கவாத்துக்கு முன்

போன ஞாயிற்றுக்கிழமையே வெட்டியிருக்க வேண்டிய செடி. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் வனஜா குந்தி உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை. முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத செடி அது. குட்டை ஜாதி, சின்ன இடத்துக்கு இதுதான் சரி என்று சொல்லித்தான் நர்சரிக்காரர் கொடுத்தார். பூவும் பெரிசில்லை, ஒரு எலுமிச்சம்பழ அளவு. ரோஸ் என்றால் ரோஸ், வெள்ளை என்றால் வெள்ளை. காய்ச்சின பாலில் ஒரு சொட்டு பீட்ரூட் சாறு தவறி விழுந்த மாதிரி ஒரு நிறம், அதுவும் வெயில் ஏறினால் வெளுத்துவிடும், காலையில் இந்த நேரத்தில் பார்த்தால்தான் உண்டு. இன்றைக்கு ஐந்து பூ விரிந்திருக்கிறது, மொட்டு எட்டு. தை பிறந்த முதல் வாரத்தில் கவாத்து பண்ணிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், குன்னூரில் தேயிலைக்கும் ரோஜாவுக்கும் கவாத்து என்றால் என்னவென்று யாருக்குத் தெரியாது, பூ இருக்கிறதே என்று பார்த்தால் செடி குச்சி குச்சியாக நெட்டையாகிக் கிழடு தட்டிவிடும், இரக்கமே பார்க்காமல் பாதிக்குக் கீழே வெட்ட வேண்டும். ஆனால் புதன்கிழமை போன் வந்துவிட்டது. போன் வந்த பிறகு எப்படி வெட்டுவது, மொட்டைக் குச்சிகளுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணை எப்படி நிறுத்துவது. நான் தாரிணி பேசறேன், திருப்பூர் தயாளனோட பொண்ணு. அப்படித்தான் சொன்னது. தயாளனோட பொண்ணு. சரிதானே, தயாளனின் பெண்தானே, வேறு எப்படிச் சொல்லும், யாரிடமாவது தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால் அப்பா பேரைத்தானே சொல்வார்கள். இருந்தாலும் அந்த ஒரு வார்த்தை நாலு நாளாக, பல்லிடுக்கில் மாட்டின தேங்காய்த் துணுக்கு மாதிரி, நாக்கு போய்ப் போய்த் தொட்டுக்கொண்டே இருக்கிறது. கோயம்புத்தூரில் காலேஜ் ரெண்டாவது வருஷமாம், ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று கேட்டது. பதினோரு மணி வாக்கில். வா என்றாள் வனஜா. வா என்ற ஒரு எழுத்தைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை, அதற்குள் போன் வைத்தாகிவிட்டது.

இலையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அசுவினிப் பூச்சி, பச்சைப் பச்சையாக, பொடிப்பொடியாக. கட்டைவிரலால் தேய்த்ததும் நகக்கண்ணில் பச்சை அப்பிக்கொண்டது. பத்தொன்பது வயசுப் பெண் எவ்வளவு உயரம் இருக்கும். தயாளன் உயரம்தான், பெற்றவள் கிரிஜா குள்ளம். அக்கா தங்கை ரெண்டு பேருமே குள்ளம். கதவைத் திறந்ததும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும், கடைசியாகப் பார்த்தபோது இடுப்பு எலும்புக்கு இவ்வளவு கீழே இருந்தது, தலையில் கை வைத்தால் உள்ளங்கை முழுக்க அந்தத் தலை இருந்தது. உள்ளங்கைக்குத்தான் இன்னும் அந்த ஞாபகம். வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் ஒன்பதரைக்கே மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். வீட்டில் எதுவும் குறையவில்லை, காய் நேற்றே வாங்கியாகிவிட்டது. “என்னங்க வேணும் மார்க்கெட்ல?” என்று கேட்டதற்கு, “சும்மா பார்த்துட்டு வரேன்” என்றார். சவரம் பண்ணியிருந்தார், நல்ல சட்டை. முப்பது வருஷம் ஃபேக்டரியில் கரண்ட் கம்பியைக் கையில் பிடித்த மனுஷன், ஒரு சின்னப் பெண் வீட்டுக்கு வருகிறது என்று பயந்து ஓடுகிறார். பயம் என்றுதான் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷத்தில் அந்தப் பேரை அவர் ஒரு தரமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டிவியில் யாரோ ஒரு தாரிணி வந்தால் சேனலை மாற்றிவிடுவார். அவர் தோளில் உட்கார்ந்துதான் அது ஊரையே பார்த்தது, மேலே ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற இருபத்தாறு படியையும் அவர் தோளிலிருந்தே எண்ணும், பதினாறுக்குப் பிறகு எப்போதும் பத்தொன்பது. அவர் திருத்தவே மாட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போனால் அவங்க திருத்திக்கட்டும் என்பார். அவர்கள் திருத்தியிருப்பார்கள். திருப்பூரில் யாரோ ஒரு டீச்சர் பதினேழையும் பதினெட்டையும் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

மேலே வளைவில் ஒரு வண்டி கியர் மாற்றுகிற சத்தம். பஸ் இல்லை, லாரி. பஸ் என்றால் மாற்றுவதற்கு முன் ஒரு பெருமூச்சு விடும். இது அவளுக்குத் தெரியும், மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற பஸ்ஸுக்கும் கோத்தகிரியிலிருந்து வருகிற பஸ்ஸுக்கும்கூட வித்தியாசம் தெரியும், தெரிந்து என்ன. வாசலில் நிற்க ஒரு வேலை வேண்டும். சும்மா நின்றால் பக்கத்து வீட்டில் என்ன அக்கா, யாரைப் பார்க்கறீங்க என்பார்கள். குடிதண்ணிக் குழாய்க்காக முன்பக்கத்தைத் தோண்டிப் போட்டு, எட்டடிக்கு ஐந்தடி மண் வெறுமனே கிடந்தபோது, கொத்தமல்லி போடலாம் என்றார் அவர். ரோஜா என்றாள் இவள். இதைத் தாரிணிக்காக வைத்தேன் என்று சொன்னால் பொய். செடிக்கு மூன்று வயசுதான். ஆனால் செடி வந்த பிறகு காலையில் பஸ் நேரத்துக்குக் களை பிடுங்கலாம், சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் டீத்தூள் சக்கையைப் போடலாம், முட்டைத் தோலைப் பொடித்துத் தூவலாம், மண்ணைக் கிளறலாம், கிளறிக்கொண்டே தலையைத் தூக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். தையல் டீச்சருக்கு ரோஜான்னா உயிர் என்று சொல்லிக்கொள்வார்கள். சொல்லட்டும்.

பதினோரு நாள் பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு வந்தான் தயாளன். பிரசவம் முடிந்த ஆறாம் நாள் கிரிஜா ஜன்னி கண்டு போய்விட்டாள், காரியம் எல்லாம் முடிவதற்குள்ளேயே பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை, அவன் அம்மாவும் படுத்த படுக்கை. பனியன் கம்பெனி ஷிப்டு வேறு. ஒரு வாரம் பார்த்துக்குங்க அண்ணி என்றான். ஒரு வாரம் என்றுதான் சொன்னான். அழுது அழுது சிவந்து போயிருந்த ஒரு மொச்சைக்கொட்டை முகம். பாலாடையில் விடவிட வெளியே தள்ளிக்கொண்டே இருந்த அந்தச் சின்ன நாக்கு, ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி, மூணு மணி, நாலாம் நாள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது, அப்போது இவள் நெஞ்சில், ஒன்றுமே இல்லாத நெஞ்சில், ஒரு குறுகுறுப்பு. கல்யாணமாகிப் பத்து வருஷம், எத்தனையோ டாக்டர், எத்தனையோ விரதம், அதெல்லாம் எதற்கென்று அந்த ஏப்பத்தில் புரிந்தது. தங்கைக்காக அழவில்லை. அதுதான் உண்மை. அழ நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள், பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே அழுவது என்று. ஆனால் மனசு அழுகிற நிலையில் இல்லை. கிரிஜா ஒருத்தி போய்த்தானே இந்தக் குழந்தை இந்த மடியில். சீ. அசுவினியை இன்னும் ரெண்டு இலையில் தேய்த்தாள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் கைக்கு ஏதாவது வேலை கொடுத்துவிட வேண்டும். ஒன்பதாம் மாசம் அது ம்மா என்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாடு கத்துகிற மாதிரி நீட்டி, ம்ம்மா. பெரிம்மான்னு சொல்லிக்கொடு என்றார் ராஜமாணிக்கம் அன்றைக்கு ராத்திரி. பேசும்போது சொல்லிக்கொடுக்கலாம் என்றாள். பேச ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றாள். நாலு வருஷம் இன்னும் கொஞ்சமாகவே போயிற்று.

செடியின் அடியில், ஒட்டுப் போட்ட முடிச்சுக்குக் கீழே, புதுசாக ஒரு துளிர் மண்ணைப் பிளந்து வந்திருந்தது. வெளிர்ப் பச்சை, ஏழு இலைக் கொத்து, முள்ளும் வேறு மாதிரி. காட்டு ரோஜா. முதல் வருஷம் இது தெரியாமல், அடடா செடி நல்லா வருதே என்று அதை வளரவிட்டு, ஒரு பூகூட இல்லாமல் போயிற்று. நர்சரிக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார், டீச்சர், நீங்க தண்ணி ஊத்தினது எல்லாம் வேருக்குச் சொந்தக்காரனுக்குப் போயிருச்சு, அவனை அடியோட பிய்ச்சு எடுங்க என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அவருக்கு என்ன தெரியும். அன்றைக்கு அதைப் பிய்க்க முடியாமல் இவள் உள்ளே போய்விட்டாள், ராஜமாணிக்கம்தான் பிய்த்தார். இப்போது இவளே பிய்ப்பாள். மண்ணை விலக்கி, துளிர் கிளம்புகிற இடம் வரைக்கும் விரலை விட்டு, கீழ்ப்பக்கமாக ஒரே இழுப்பு. வந்துவிட்டது. செடியைச் செடியாகப் பார்க்க வேண்டும், எதையாவது எதனோடாவது முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வேலையும் நடக்காது. பாவம் அந்தப் பெண் சுமித்ரா. தயாளன் ரெண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்கு இருபத்து மூணோ நாலோ, கழுத்தில் புது மஞ்சள் கயிறு, இந்தக் கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைக் கூப்பிட்டாள், அது வனஜாவின் சேலைக்குள் புகுந்துகொண்டது. அப்போதுதான் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு, அக்கா, அது என்கிட்ட பழகற வரைக்கும் நீங்க வராம இருந்தா நல்லா இருக்கும். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னாள். வனஜா சரி என்றாள். யாரும் அவள் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை. சரி, பழகட்டும். ஆறு மாசம் என்று நினைத்தாள். ஆறு மாசம் கழித்து தயாளன் போனில், இப்பத்தான் அண்ணி கொஞ்சம் செட் ஆகுது என்றான். அடுத்த வருஷம் சுமித்ராவுக்கு ஒரு பையன் பிறந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு, இப்போது போய்க் கிளறுவானேன் என்று திரும்பி வந்தாள். ரெண்டு தரம். இல்லை, மூணு. மூணாவது தரம் திருப்பூரே போய்ச் சேர்ந்தாள், பள்ளிக்கூட வாசல் வரை போனாள், மணி அடித்து ஒரே மாதிரிப் பாவாடை சட்டையில் நூறு பிள்ளைகள் ஓடி வந்தபோது எது என்று தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. அதை ராஜமாணிக்கத்திடம்கூடச் சொன்னதில்லை.

மணி பதினொன்று அடித்திருக்கும். முழங்கால் மரத்துப் போயிற்று, எழுந்து நின்று செடியைப் பிடிக்கப் போய் முள் குத்தியது. விரலை வாயில் வைத்துக்கொண்டாள். இரும்பு ருசி. இத்தனையையும் நினைக்கலாம், பாலாடையை, படியை, பள்ளிக்கூட மணியை, எல்லாவற்றையும் எத்தனை தரம் வேண்டுமானாலும். ஆனால் ஒன்றை மட்டும் முடியாது, அதன் பக்கத்தில் போனதும் மனசு முரண்டு பிடித்து நின்றுவிடுகிறது, இன்றைக்குக் காலையிலிருந்து அதைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறாள் என்று அவளுக்கே தெரிகிறது, அசுவினி, ஒட்டு, கவாத்து என்று. அன்றைக்கு ஆனி மாசம், சாரல். பஸ் ஸ்டாண்டு. தயாளன் பெட்டியை மேலே ஏற்றிவிட்டான், சுமித்ரா ஜன்னல் ஓரம் இடம் பிடித்துவிட்டாள். குழந்தை இவள் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. நீயும் வா என்றது. அழவில்லை, அழுவதற்கு முந்தின முகம். மூணு நாளாக பெரிம்மா, பெரிம்மா என்று சொல்லிப் பழக்கியிருந்தாள் இவள், அது விளையாட்டு என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது, பஸ்ஸைப் பார்த்ததும் விளையாட்டு நின்றுவிட்டது, அம்மா நீயும் வா. கண்டக்டர் விசில் வாயில் வைத்துக்கொண்டு பார்க்கிறான். நீ ஜன்னல்ல உட்கார்ந்து போ தங்கம், அம்மா அடுத்த பஸ்ல வந்துடறேன். அம்மா என்றுதான் சொன்னாள். அந்தக் கடைசி தரம் அந்தப் பேரையே வைத்துத்தான் ஏமாற்றினாள். அது நம்பியது. உடனே இறங்கிற்று. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்துக் கை ஆட்டிக்கொண்டே போயிற்று. அழுதுகொண்டு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டு போனது. திருப்பூரில் இறங்கினதும் அடுத்த பஸ்ஸைப் பார்த்திருக்கும். அதற்கு அடுத்ததை. நாலு வயசுப் பிள்ளை எத்தனை நாள் பார்க்கும். இப்போது அதைக் கேட்கத்தான் வருகிறதோ. பத்தொன்பது வயசுக்கு எல்லாம் கேட்கத் தெரியும், நேராக முகத்தைப் பார்த்து, ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை. கேட்கட்டும், கேட்டால் போதும், கேட்டால் ஞாபகம் வைத்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

பெருமூச்சு விட்டுக் கியர் மாறியது. பஸ். அவள் குனிந்துகொண்டாள். மண்ணைப் பார்த்துக்கொண்டு, படியில் செருப்புச் சத்தம் வருகிறதா என்று காது மட்டும். வந்தது. நிதானமான சத்தம். கேட்டின் கொக்கியைத் தூக்கத் தெரியாமல் ஒரு கை தடுமாறியது. நிமிர்ந்தபோது அங்கே நின்றவள் உயரம்தான், நினைத்ததுபோலவே. கண்ணாடி போட்டிருந்தாள், தோளில் பை, சுடிதாரில் பஸ் ஜன்னலின் துரு ஒட்டியிருந்தது. எந்த இடத்திலும் அந்த நாலு வயசு இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள், மூக்கில், காதில், நெற்றியில். இல்லை. வேறு யாரோ ஒரு நல்ல பெண்.

“வனஜா பெரிம்மாவா?” என்று கேட்டாள்.

ஆமாம், வா, உள்ளே வா, படி வழுக்கிச்சா, சாப்பிட்டியா என்று இவள் கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னாள். உள்ளே போகவில்லை. வெயில் நல்லா இருக்கு, இங்கேயே கொஞ்சம் உட்காரலாமா என்று வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். பூவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு, வந்ததும் ஏதாவது ஞாபகம் வரும்னு நினைச்சேன், ஒண்ணுமே வரல என்றாள், கொஞ்சம் வெட்கப்பட்டவள்போல. இங்கே இருந்தேன்னு தெரியும். படிக்கட்டு, இந்த கேட்டு, எதுவுமே வரல. சாரி பெரிம்மா. வனஜாவுக்கு முதலில் உடம்பு லேசானது. பஸ் ஞாபகமில்லை. ஜன்னல் ஞாபகமில்லை. பதினைந்து வருஷம் தூக்கிக்கொண்டு அலைந்ததை இறக்கி வைத்தாயிற்று. லேசான அதே நொடியில் உள்ளே எதுவோ வழித்துத் துடைத்த பாத்திரமாகக் காலியாகிப் போயிற்று. அது இல்லையென்றால் இதுவும் இல்லை. பாலாடையும் இல்லை, தோளும் இல்லை, ம்ம்மா இல்லை. எல்லாம் இவளிடம் மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் இந்தப் பெண் எதற்காக மலை ஏறி வந்தது.

பெண் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள். “அப்பா போன மாசம் ஒரு விஷயம் சொன்னார். எங்கம்மா குரலும் உங்க குரலும் ஒண்ணுதானாம். கல்யாணம் ஆன புதுசுல போன்ல யார் பேசறதுன்னு தெரியாம ஏமாந்திருக்காராம். அம்மா போட்டோ ஆறு இருக்கு எங்கிட்ட. குரல் இல்ல.” நிறுத்தினாள். “நீங்க ஏதாவது பேசுங்க பெரிம்மா. என்னன்னாலும் பரவாயில்ல. நான் கேட்டுட்டு இருக்கேன்.”

கிரிஜாவுக்காக வந்திருக்கிறது. செத்துப்போன தங்கைமேல், ஆறே நாள் பெற்றவளாக இருந்தவள்மேல், இத்தனை வயசில் ஒரு பொறாமை. அது வந்த வேகத்திலேயே அதற்குப் பின்னால் கிரிஜா வந்தாள். பத்தொன்பது வருஷமாக வராதவள். அடுக்களையில் ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தால் கூடத்திலிருந்து அப்பா, இப்பப் பேசினது பெரியவளா சின்னவளா என்று கேட்பார், வேண்டுமென்றே ரெண்டு பேரும் சேர்ந்து நான்தான் என்று கத்துவார்கள். அப்புறம் சிரித்து மாளாது. அந்தச் சிரிப்பில் பாதி போய்விட்டது என்று இவள் இன்றைக்கு வரைக்கும் ஒரு தரம்கூட நினைக்கவில்லை. ஒரு தரம் செருமிக்கொண்டாள். இந்தக் குரலைக் கேட்கத்தான் வந்திருக்கிறது, அடைத்த குரலில் பேசக் கூடாது.

பெண் கண்ணை மூடிக்கொண்டு கதவு நிலையில் தலையைச் சாய்த்திருந்தாள். கூட்டுப் புருவத்துக்கு நடுவில் ஒரு சின்ன மச்சம், அது அப்போதும் இருந்ததா என்பது வனஜாவுக்கு ஞாபகமில்லை. என்ன பேசுவது. சொல்ல வேண்டியது மலைபோல் இருந்தது, எதையும் பிடித்து இழுக்க முடியவில்லை. கையில் இருந்த கத்தரியைப் பார்த்தாள். “இது குட்டை ஜாதி” என்று ஆரம்பித்தாள். “இதுக்கு மேல வளராது. போன வாரமே கவாத்து பண்ணியிருக்கணும், நீ வரேன்னு விட்டு வெச்சேன். நாளைக்கு வெட்டிடுவேன். வெளிப்பக்கம் பார்த்திருக்கற கணுவுக்கு மேல, கால் அங்குலம் விட்டு, சாய்ச்சு வெட்டணும். உள்பக்கம் பார்த்த கணுவா இருந்தா கிளை எல்லாம் நடுவுல வந்து அடைஞ்சுக்கும்.” குரல் முதலில் வகுப்பில் பேசுகிற குரலாக வந்தது, பிறகு சரியாயிற்று. அசுவினிக்கு வேப்பெண்ணெய் அடிப்பதைச் சொன்னாள், பூண்டுத் தண்ணி உதவாது என்றாள், முதல் வருஷம் காட்டுத் துளிருக்குத் தண்ணி ஊற்றி ஏமாந்ததைச் சொன்னாள், பனி விழுந்தால் சாக்குப் போட்டு மூடுவதை, ராஜமாணிக்கம் அதைக் கொத்தமல்லிப் பாத்தி என்றே இன்னமும் கூப்பிடுவதை. பெண்ணின் உதட்டோரம் லேசாக அசைந்தது. வெட்டினால் எத்தனை நாளில் துளிர்க்கும், எத்தனை நாளில் மொட்டு வைக்கும் என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், குரலை மாற்றாமல், அதே வேகத்தில், அடுத்த வாக்கியமாகவே அதையும் சொன்னாள்.

“உன்னை அனுப்பின அன்னிக்கு, அடுத்த பஸ்ல வந்துடறேன்னு சொன்னேன். வர்ற எண்ணத்துல சொல்லல. நீ அழாம ஏறணும்னு சொன்னேன். நீ நம்பிட்ட.”

மேலே ரோட்டில் எதுவோ ஒரு வண்டி போயிற்று. வெயில் படியின் பாதி வரைக்கும் ஏறியிருந்தது. தாரிணி அசையவில்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை, மடியில் இருந்த கண்ணாடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் ஒரு தரம் இறுகித் தளர்ந்தன.

“ம்” என்றாள் தாரிணி, கதை கேட்கிற பிள்ளை மாதிரி.

வனஜா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, மேலே சொல்ல ஆரம்பித்தாள்.